பழைய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 10 பிபிஎம் எரிபொருள்: நவீனமயமாக்கலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு டன் டீசலில் 10 கிராம் கந்தகம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு (10 பிபிஎம்), என்பதே இன்று இந்தியாவில் விற்கப்படும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகைத் தரவிதி) டீசலுக்கான உச்ச வரம்பு. 1990களின் நடுப்பகுதியில் இதே நாட்டில் விற்கப்பட்ட டீசலில் டன்னுக்கு 10 கிலோ வரை கந்தகம் இருக்கலாம் என்று தரவிதி அனுமதித்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வரம்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த டீசலைத் தரும் ஆலைகளில் பல, பழைய வரம்பு இருந்த காலத்தில், அந்த வரம்பை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை.

சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ நிறுவனம், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியாக 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம், 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் ஆலையை இயக்கத் தொடங்கியது. 1984இலும் 2004இலும் அதே வளாகத்தில் புதிய கச்சா எண்ணெய் அலகுகள் சேர்க்கப்பட்டன. சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறி, இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமாகிவிட்ட அதன் திறன் இன்று 105 லட்சம் டன். ஒரே வேலிக்குள் மூன்று தலைமுறை எஃகு நிற்கிறது. இத்தகைய ஆலையைத் தூய எரிபொருளுக்கு மாற்றுவது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எண்ணிக்கைகள் பெரும்பாலும் இந்தியச் சூழலைச் சார்ந்தவை. முறை எந்தப் பழைய ஆலைக்கும் பொருந்தும்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. கந்தகத்தை நீக்கும் ரியாக்டர்தான் இத்திட்டத்தின் மையம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிதி ஒதுக்கீடும் அவ்வாறே நடக்கிறது. நடைமுறையில் ஆலையைத் தடுமாறச் செய்வது ரியாக்டர் அன்று. ஹைட்ரஜன் போதாமையும், நீக்கிய கந்தகத்தை ஏற்க இடமின்மையும், பழைய குழாய்களும் வெப்பமாற்றிகளும் எந்த நிலையில் உள்ளன என்பது தெரியாமையும்தான் அதைச் செய்கின்றன. ஆகவே பின்வரும் படிகளில் இவற்றுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

முதல் படி: எந்தத் தரத்தை, எந்த இடத்தில் எட்ட வேண்டும்?

இந்தியாவில் 2010 ஏப்ரலில் 13 நகரங்களில் பிஎஸ்-4 நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் அது பரவியது 2017 ஏப்ரலில். பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி நேராகப் பிஎஸ்-6க்குச் செல்வதென்று 2016 ஜனவரியில் அரசு அறிவித்தது. டெல்லிக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற பகுதிகளுக்கு 2020 ஏப்ரல் 1 அன்றும் புதிய எரிபொருள் வந்தது. நாடு தழுவிய மாற்றத்திற்கு ஆலைகளின் கையில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல். பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலைகள் இதற்காக ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய் செலவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிஎஸ்-4இல் 50 பிபிஎம் ஆக இருந்த கந்தகம் 10 பிபிஎம் ஆனது என்பதே செய்தித்தாள்களில் வந்த செய்தி. பொறியாளருக்கு அது மட்டும் போதாது. பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. அரோமேட்டிக் சேர்மங்கள் 35 விழுக்காட்டுக்குள், ஒலிஃபீன்கள் சாதாரண ரகத்தில் 21 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே, எஞ்சினில் முன்கூட்டியே வெடிக்காத தன்மையைக் காட்டும் ஆக்டேன் எண் 91க்குக் குறையக் கூடாது. டீசலில், எளிதில் பற்றும் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51 வேண்டும். பல வளைய அரோமேட்டிக் சேர்மங்களுக்கும் வரம்பு உண்டு. கந்தகத்தை நீக்கும் ஒவ்வொரு வழியும் இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொடும் என்பதால், எல்லா வரம்புகளையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்தக் கடுமைக்குக் காரணம் வாகனத்தின் புகைபோக்கியில் இருக்கிறது. டீசல் துகள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் வினையூக்கி அமைப்பும் கந்தகத்தால் செயலிழக்கும். எரிபொருள் மாறாமல் வாகனத்தை மட்டும் மாற்ற இயலாது.

அடுத்து, 10 பிபிஎம் என்பது பெட்ரோல் பங்க்கில் சோதிக்கப்படும் எண். குழாய்வழியும் கிடங்குத் தொட்டிகளும் சிறிது கந்தகத்தைச் சேர்த்தே தீரும் என்பதால் ஆலை வாயிலில் 7 அல்லது 8 பிபிஎம் என்றும், ரியாக்டரின் வெளியேற்றத்தில் அதற்கும் சற்றுக் கீழே என்றும் உள் இலக்கு வைப்பதே நடைமுறை. சில பிபிஎம் இடைவெளிதான். ஆனால் வினையூக்கியின் ஆயுளில் கணிசமான பகுதியை அது எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: கந்தகத்தின் வரவு செலவு

105 லட்சம் டன் கச்சா எண்ணெயில் சராசரியாக 2 விழுக்காடு கந்தகம் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2.1 லட்சம் டன் கந்தகம் ஆலைக்குள் நுழைகிறது. பழைய காலத்தில் அதன் பெரும்பகுதி டீசலிலும் உலை எண்ணெயிலும் தாரிலும் கரைந்தபடியே வெளியே சென்றுவிட்டது. ஆலை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எரித்தவர்களின் ஊர்க் காற்று கவலைப்பட்டது. இப்போது அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

எனவே கச்சா எண்ணெயின் ஒவ்வொரு ரகத்திற்கும், வடிகோபுரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும், கந்தகம் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். வடிவமைப்புக் கால ஆவணங்களை நம்பி இதைச் செய்யக் கூடாது. அன்றைய மணலி ஈரானியக் கச்சா எண்ணெயை எதிர்நோக்கி அமைக்கப்பட்டது. இன்று எந்த இந்திய ஆலையும் பல நாட்டுக் கச்சா எண்ணெய்களைக் கலந்தே ஓடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளின் உண்மையான கொள்முதல் பதிவும் ஆய்வக முடிவுகளும் இதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். தனக்குக் கிடைக்கக்கூடிய மிகப் புளிப்பான, அதாவது கந்தகம் மிகுந்த, கலவை எது என்பதைத் தீர்மானிப்பதும் இந்தப் படியில்தான். மலிவான புளிப்புக் கச்சா எண்ணெயை வாங்கும் உரிமையை வணிகப் பிரிவு ஒருபோதும் விட்டுத்தராது. ஆகவே அந்தக் கலவைக்கே வடிவமைக்க வேண்டும்.

மூன்றாம் படி: பழைய உலோகத்தின் உடற்கூறு

புதிய அலகைப் பழைய ஆலையோடு இணைக்கும்போது பழைய குழாய்களில் வெப்பம், அழுத்தம், ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கும் மாறுகின்றன. ஐம்பது ஆண்டுகளாகத் தொல்லை தராத குழாய் இனியும் தராது என்ற வாதம் இங்கே செல்லாது.

2010 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அனகார்ட்டஸ் சுத்திகரிப்பு ஆலையில், நாப்தா ஹைட்ரஜனேற்ற அலகின் வெப்பமாற்றி ஒன்று வெடித்துப் பிளந்து ஏழு தொழிலாளர்கள் இறந்தனர். 1972இல் செய்யப்பட்ட அந்தக் கார்பன் எஃகுக் கலனை உயர்வெப்ப ஹைட்ரஜன் தாக்குதல் உள்ளிருந்தே அரித்திருந்தது. ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் ஊடுருவி, அதன் கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும் நிகழ்வு இது. எந்த உலோகம் எந்த வெப்பத்திலும் ஹைட்ரஜன் அழுத்தத்திலும் தாங்கும் என்பதைக் காட்டும் நெல்சன் வளைகோடுகளின்படி அந்தக் கலன் பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருப்பதாகக் கருதப்பட்டிருந்தது. பற்றவைப்புக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சை பெறாத கார்பன் எஃகுக்கென்று தாழ்வான தனி வளைகோடு பின்னர் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் ஆலையில் நடந்தது வேறு வகை. கச்சா எண்ணெய் அலகின் பக்கவாட்டுக் குழாய் ஒன்று கந்தக அரிப்பால் மெலிந்து கிழிந்தது. அடுத்த சில வாரங்களில் சுற்றுவட்டாரத்திலிருந்து சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். சிலிக்கன் குறைவாக உள்ள பழைய கார்பன் எஃகு, மற்ற கார்பன் எஃகை விட மிக வேகமாகச் சூடான கந்தகச் சேர்மங்களால் அரிக்கப்படும். 1980களின் நடுப்பகுதிக்கு முன் பதிக்கப்பட்ட குழாய்களில் ஒரு துண்டில் சிலிக்கன் போதுமானதாகவும் அடுத்த துண்டில் மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஒரு சில இடங்களில் மட்டும் தடிமன் அளந்து முழுக் குழாயும் நலம் என்று முடிவு கட்டினால், மெலிந்த துண்டு கண்ணில் படாமலே போகும்.

இவ்விரு நிகழ்வுகளும் வேலைப் பட்டியலை நமக்கு எழுதித் தருகின்றன. ஹைட்ரஜன் செல்லும் ஒவ்வொரு கலனுக்கும் குழாய்க்கும் உண்மையான இயக்க வெப்பத்தை அளந்து, திருத்தப்பட்ட வளைகோட்டோடு ஒப்பிட வேண்டும். கணினி மாதிரி சொல்லும் வெப்பம் போதாது. 230 பாகை செல்சியஸுக்கு மேல் கந்தகமுள்ள எண்ணெய் செல்லும் கார்பன் எஃகுக் குழாய்களில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே உலோகப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். குரோமிய எஃகு என்று வரைபடம் சொல்லும் இடத்தில் பழுதுபார்ப்பின்போது யாரோ கார்பன் எஃகுத் துண்டைப் பொருத்தியிருக்கலாம் என்பதையும் எதிர்பார்த்துச் சோதிக்க வேண்டும். ஹைட்ரஜனேற்ற அலகின் காற்றுக் குளிர்விப்பானில் அம்மோனியம் உப்புகள் படிந்து அரிக்கும் இடங்களும், அங்கே கழுவுநீர் செலுத்தும் ஏற்பாடும் மறுகணக்கிடப்பட வேண்டும். கந்தகமும் நைட்ரஜனும் முன்பை விட ஆழமாக நீக்கப்படும்போது அந்த உப்பின் அளவும் கூடும்.

இதைத் திட்டத்தின் முதல் ஆறு மாதங்களில் செய்யாத ஆலைகள், ஷட்டவுனின் நடுவே காப்புறையைப் பிரித்துப் பார்த்த பின்பு செய்கின்றன. அப்போது மாற்றுக் குழாய் கையில் இருக்காது.

நான்காம் படி: ஹைட்ரஜன்

கந்தக நீக்கத்தின் வேதியியல் எளிது. கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல், 320 முதல் 380 பாகை வெப்பத்தில், ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறுகிறது. டீசலில் 1 விழுக்காடு கந்தகம் இருந்தால், அதை நீக்குவதற்கு மட்டும் டன்னுக்குச் சுமார் 1.25 கிலோ ஹைட்ரஜன் போதும் என்று தாளில் கணக்கிடலாம். இந்தக் கணக்கை நம்பித் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அதே சூழலில் ஒலிஃபீன்கள் நிறைவுறுகின்றன, நைட்ரஜன் அம்மோனியாவாகிறது, அரோமேட்டிக் வளையங்களும் நிறைவுறத் தொடங்குகின்றன. நேரடி வடிப்பு டீசலுக்கே எடையில் அரை விழுக்காடு அளவுக்கு ஹைட்ரஜன் தேவைப்படலாம். வினையூக்கிப் பிளப்பு அலகான எஃப்சிசியின் இலேசான சுழற்சி எண்ணெயையும் கனமான எச்சத்தைச் சூடேற்றிப் பிளக்கும் கோக்கர் அலகின் எண்ணெயையும் சேர்த்தால் அது 1 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

ஆண்டுக்கு 20 லட்சம் டன் டீசலுக்கு 1 விழுக்காடு என்றால் 20,000 டன் ஹைட்ரஜன். இது எங்கிருந்து வரும்? நாப்தாவின் ஆக்டேனை உயர்த்தும் ரிஃபார்மர் அலகு தன் ஊட்டத்தில் (உள்ளே செலுத்தப்படும் எண்ணெயில்) ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை ஹைட்ரஜனைத் துணைப்பொருளாகத் தரும். பழைய ஆலைகளில் அதையும் எரிவாயுவோடு சேர்த்து உலையில் எரித்துக்கொண்டிருந்த காலம் உண்டு. ஆகவே முதலில் தேட வேண்டிய ஹைட்ரஜன், எரிவாயு வலையில் கரைந்துபோகும் ஹைட்ரஜன்தான். ஒவ்வொரு அலகும் வெளியேற்றும் வாயுவின் தூய்மை, அழுத்தம், அளவு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, எதை நேரடியாக அடுத்த அலகுக்குத் தரலாம், எதை அழுத்த மாற்றப் பரப்புக்கவர்ச்சி முறையில் சுத்தம் செய்து தரலாம் என்று பார்க்க வேண்டும். இப்படி மீட்கப்படும் ஹைட்ரஜன் புதிய உற்பத்தி அலகை விட மலிவாகவே முடியும்.

மீதித் தேவைக்கு, எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் தரும் நீராவி ரிஃபார்மிங் அலகு வேண்டும். இந்திய ஆலைகள் பல நீண்டகாலம் நாப்தாவை ஊட்டமாகப் பயன்படுத்தின. 2019இல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டபின் மணலிக்கு இயற்கை எரிவாயு கிடைத்தது. ஹைட்ரஜனுக்கு அது நாப்தாவை விடப் பொருத்தமான மூலப்பொருள். எந்த ஊட்டமானாலும் கரியமில வாயு வெளியேறும்; இயற்கை எரிவாயு என்றால் ஒரு டன் ஹைட்ரஜனுக்கு 9 அல்லது 10 டன். நம் எடுத்துக்காட்டு ஆலை 20,000 டன் ஹைட்ரஜனை இவ்வாறு செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் கரியமில வாயு கூடுதலாகிறது. தூய எரிபொருள் நகரத்துக் காற்றைத் தூய்மையாக்குகிறது; ஆலையின் சொந்தக் கரிமக் கணக்கை அது உயர்த்தவே செய்கிறது. இதை மறைக்காமல் திட்ட அறிக்கையிலேயே எழுதுவது நேர்மை.

கம்ப்ரசர்களை மறந்துவிடக் கூடாது. ஹைட்ரஜனைச் சேர்க்கும் கம்ப்ரசர் ஒன்று பழுதானால் மாற்று ஓட வேண்டும். ஒரே கம்ப்ரசரை நம்பிய அலகில் டீசலின் தரம் அந்த ஒற்றை இயந்திரத்தின் வால்வுத் தகட்டில் தொங்கும்.

ஐந்தாம் படி: டீசல் அலகைத் திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா?

டீசலின் கந்தக வரம்பு 0.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட 1990களின் இறுதியில் இந்திய ஆலைகளில் டிஎச்டிஎஸ் எனப்படும் டீசல் கந்தகநீக்க அலகுகள் வந்தன. அவை பெரும்பாலும் 30, 40 பார் அழுத்தத்தில் ஓடுபவை. 10 பிபிஎம் இலக்கோடு சீட்டேன் உயர்வும் வேண்டுமானால், 80 முதல் 100 பார் வரை தாங்கும் டிஎச்டிடி (டீசல் ஹைட்ரஜனேற்ற) வகை அலகு தேவைப்படும்.

காரணம் கடைசியில் எஞ்சும் கந்தகத்தின் குணம். எளிய கந்தகச் சேர்மங்கள் விரைவில் வினைபுரிந்து போய்விடும். டைபென்சோதயோஃபீன் குடும்பத்தில், கந்தக அணுவின் இருபுறமும் மெத்தில் தொகுதிகள் மறைத்து நிற்கும் சில மூலக்கூறுகள் மட்டும் வினையூக்கியை நெருங்க முடியாமல் தப்பிவிடும். 500 பிபிஎம் என்ற இலக்கில் இவற்றைத் தொடவே தேவையில்லை. 10 பிபிஎம் இலக்கில் வேலை முழுவதும் இவற்றோடுதான். முதலில் வளையத்தை ஹைட்ரஜனால் நிறைவுறச் செய்து, மூலக்கூறை வளைத்து, பிறகே கந்தகத்தை எடுக்க முடியும். அதற்கு நிக்கல்-மாலிப்டினமும் உயர் ஹைட்ரஜன் அழுத்தமும் ஏற்றவை.

குறைந்த அழுத்தப் பழைய அலகைக் கைவிடுமுன் சில மலிவான வழிகளைப் பார்க்க வேண்டும். மேற்கண்ட பிடிவாத மூலக்கூறுகள் சுமார் 340 பாகைக்கு மேல் கொதிப்பவை. டீசலின் இறுதிக் கொதிநிலையைச் சில பாகை கீழே இறக்கினால், உற்பத்தியில் சிறு பங்கை இழந்து வேலையில் பெரும்பங்கைக் குறைக்கலாம். மறுசுழற்சி வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை அமீன் என்ற காரக் கரைசல் கொண்டு கழுவினால் வினையூக்கி விடுவிக்கப்பட்டதுபோல் வேகம் கூடும். ரியாக்டருக்குள் திரவத்தைப் பரப்பும் தட்டு பழையதானால் வினையூக்கியின் ஒரு பகுதி நனையாமலே கிடக்கும். நல்ல தட்டுக்கு மாற்றி, வினையூக்கியை அடர்த்தியாக நிரப்பினாலே கணிசமான மாற்றம் தெரியும். இவற்றோடு இரண்டாவது ரியாக்டர் ஒன்றைத் தொடராக இணைப்பது அடுத்த வழி. இவை எதுவும் போதாதபோதே புதிய உயர் அழுத்த அலகுக்குப் போக வேண்டும். பிஎஸ்-6க்காக மணலியில் இருந்த டீசல் ஹைட்ரஜனேற்ற அலகு திருத்தி விரிவாக்கப்பட்டது.

எஃப்சிசியின் சுழற்சி எண்ணெயைத் தனியே கவனிக்க வேண்டும். சீட்டேன் எண் 20, 25 என்ற அளவிலேயே இருக்கும் இந்த அரோமேட்டிக் எண்ணெய், டீசல் தொகுப்பில் சேர்ந்தால் எல்லா வரம்புகளையும் ஒருசேரக் கடினமாக்கும். கன எண்ணெயை ஹைட்ரஜனோடு பிளக்கும் ஹைட்ரோகிராக்கர் உள்ள ஆலைக்கு வழி எளிது: அதிலிருந்து வரும் டீசல் சீட்டேனில் உயர்ந்தும் கந்தகத்தில் தாழ்ந்தும் இருப்பதால், கலவைத் தொட்டியில் மற்றவற்றின் குறையை அது ஈடுகட்டும்.

ஆறாம் படி: பெட்ரோல்

பெட்ரோல் தொகுப்பில் உள்ள கந்தகத்தின் பெரும்பகுதி எஃப்சிசி பெட்ரோலிலிருந்து வருவது. அதை அப்படியே ஹைட்ரஜனேற்றம் செய்தால் கந்தகம் போகும்; ஆக்டேன் தரும் ஒலிஃபீன்களும் சேர்ந்து போய்விடும். ஆகவே பெட்ரோலை இலேசு, கனம் என்று பிரிக்கிறார்கள். ஒலிஃபீன்கள் இலேசான பகுதியிலும் கந்தகம் கனமான பகுதியிலும் செறிந்திருப்பதால், கனமான பகுதியை மட்டும் தேர்வுத்திறன் உள்ள வினையூக்கியில் செலுத்தினால் ஆக்டேன் இழப்பு குறையும். பிஎஸ்-6க்காகப் பல இந்திய ஆலைகளில், மணலி உட்பட, இத்தகைய அலகுகள் சேர்க்கப்பட்டன.

பென்சீனைக் கட்டுப்படுத்த, அதன் மூலமான ஆறு கார்பன் சேர்மங்களை ரிஃபார்மருக்குள் நுழையுமுன்பே பிரித்து மூலக்கூறின் அமைப்பை மாற்றி ஆக்டேனை உயர்த்தும் ஐசோமரைசேஷன் அலகுக்கு அனுப்புவது வழக்கம். 65, 70 ஆக்டேன் உள்ள இலேசான நாப்தா அங்கே 82க்கு மேல் உயர்ந்து, பென்சீனும் ஒலிஃபீனும் கந்தகமும் இன்றி வெளிவரும்.

இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவதால் ஆக்டேன் கணக்கே மாறிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கும் மேல். அதனால் ஆலை தரும் அடிப்படைப் பெட்ரோல் சற்றுத் தாழ்ந்த ஆக்டேனோடு இருக்கலாம். மாறாக ஆவியழுத்தத்தில் கூடுதல் கவனம் தேவை. எத்தனால் நீரை ஈர்க்கும் என்பதால் கலப்பு கிடங்கில்தான் நடக்கும். இன்று புதிய ரிஃபார்மருக்குப் பணம் கேட்பவர் இந்தக் கணக்கை முதலில் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: நீக்கிய கந்தகம் எங்கே போகும்?

ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடிய நச்சு. அமீன் கரைசல் அதை வாயுவிலிருந்து உறிஞ்சி, மீண்டும் சூடாக்கப்படும்போது செறிவாக வெளியிடும். கிளாஸ் முறை அலகு அதை மஞ்சள் கந்தகமாக மாற்றும். மூன்று வினையூக்கிப் படிகள் உள்ள கிளாஸ் அலகு 97 விழுக்காடு அளவுக்கு மீட்கும். எஞ்சு வாயுச் சுத்திகரிப்பைச் சேர்த்தால் அது 99.9 விழுக்காடாகும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 500 டன் கந்தகம் வரும் ஆலையில் முதலாவது நிலையில் புகைபோக்கி வழியே 30 டன் கந்தக டை ஆக்சைடு போகும். இரண்டாவதில் 1 டன். மணலியைப் போல ஊருக்கு நடுவே நிற்கும் ஆலைக்கு இதில் தேர்வுக்கே இடமில்லை.

கந்தக மீட்பு அலகு ஒற்றையாக இருக்கக் கூடாது. அது நின்றால் டீசல் அலகும் எஃப்சிசியும் உடனே ஊட்டத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் அமில வாயு, வேண்டாத வாயுவை எரிக்கும் உயர்ந்த குழாயான ஃபிளேரில் எரியும். இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றும் மொத்தச் சுமையில் பாதிக்கு மேல் தாங்கும் திறனோடு, என்பதே குறைந்தபட்ச ஏற்பாடு.

எட்டாம் படி: பீப்பாயின் அடிப்பகுதி

பெட்ரோலும் டீசலும் தூய்மையாகிவிட்டன; கந்தகம் மிகுந்த எச்சம் அப்படியே இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பும் உலகெங்கும் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைந்ததால், உலை எண்ணெய்க்கு இருந்த கடைசிப் பெரிய சந்தையும் சுருங்கியது. மணலி ஆலை டிலேட் கோக்கர் அலகைச் சேர்த்து எச்சத்தைப் பிளக்கும் வழியைத் தேர்ந்தது. கோக்கர் தரும் இலேசான எண்ணெய்கள் மீண்டும் ஹைட்ரஜன் அலகுகளின் சுமையாகும். கந்தகத்தின் ஒரு பகுதி பெட்கோக் என்ற திடக் கரியில் தங்கும். எனவே நான்காம் படிக்குத் திரும்பி ஹைட்ரஜன் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

மணலி இயங்கத் தொடங்கிய அதே 1969இல் இலங்கையின் சபுகஸ்கந்த ஆலையும் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் திறனில் தொடங்கி 50,000 வரை உயர்ந்தாலும், எச்சத்தை ஆழமாகப் பிளக்கும் அலகுகள் அங்கே சேர்க்கப்படவில்லை. அதனால் கச்சா எண்ணெயின் பெரும் பகுதி இன்றும் உலை எண்ணெயாகவே வெளியேறுகிறது. சிறிய ஆலைக்கு இந்த முதலீடு தாங்குமா என்பது கடினமான கேள்வி. 10 பிபிஎம் டீசலை இறக்குமதி செய்வது மலிவாக முடிந்தால் அதையே தேர்வதில் தவறில்லை.

ஒன்பதாம் படி: நீர், மின்சாரம், மழைவெள்ளம்

புதிய அலகுகள் நீராவியும் குளிர்விப்பு நீரும் கேட்கும். சென்னையில் நீர் எப்போதும் தட்டுப்பாடு. மணலி ஆலை நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதோடு, காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தையும் தனக்கென அமைத்துக்கொண்டது. நீர் ஆதாரத்தை உறுதி செய்யாமல் திறனைக் கூட்டுவது கோடையில் ஆலையைப் பாதியாக ஓட்டுவதில் முடியும்.

பழைய ஆலைகளில் மழைநீர் வடிகாலும் எண்ணெய்க் கழிவு வடிகாலும் பல இடங்களில் கலந்தே கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி ஆலை மீது நடவடிக்கை எடுத்தது. எரிபொருளின் தூய்மைக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கும் திட்டத்தில், வடிகால்களைப் பிரிப்பதற்கும் பெருமழைக்கு ஏற்ற கொள்ளளவைக் கட்டுவதற்கும் ஆகும் தொகை மிகச் சிறியது. தனித் தலைப்பில் ஒதுக்காவிட்டால் அதுவே முதலில் வெட்டப்படும்.

பத்தாம் படி: ஓடும் ஆலைக்குள் கட்டுமானம்

உயர் அழுத்த ரியாக்டர்கள் குரோமிய-மாலிப்டினம் எஃகில், உட்புறம் துருப்பிடிக்காத எஃகுப் பூச்சோடு, நூற்றுக்கணக்கான டன் எடையில் செய்யப்படுபவை. ஆர்டர் கொடுத்து ஓராண்டுக்கும் மேலாகும் என்பதால், மற்ற வடிவமைப்பு முடிவதற்கு முன்பே இவற்றுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். சாலை, பாலம், மின்கம்பி ஆகியவற்றின் உயரத்தையும் தாங்குதிறனையும் அப்போதே அளந்துவைக்க வேண்டும்.

இணைப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எது அடுத்த ஷட்டவுனில், எது ஆலை ஓடும்போதே என்று பிரிப்பது திட்டமிடலின் உயிர்நாடி. பழைய வரைபடங்களை நம்பாமல் லேசர் அளவீடு செய்துகொள்வது பிற்பாடு வெட்டி ஒட்டும் வேலையைக் குறைக்கும்.

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி ஆலையின் ஐசோமரைசேஷன் அலகில் நடந்த வெடிப்பில் இறந்த 15 பேரும், அருகே வேறு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலகக் கூண்டுகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். வழிந்த எண்ணெய், ஃபிளேரோடு இணைக்கப்படாத பழைய திறந்த புகைபோக்கியின் வழியே வெளியேறிப் பற்றிக்கொண்டது. கட்டுமான ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூண்டுகளை எங்கே வைப்பது என்பதும், வளிமண்டலத்துக்குத் திறந்திருக்கும் பழைய விடுவிப்பு அமைப்புகளை ஃபிளேரோடு இணைப்பதும் முதல் நாளே முடிவாக வேண்டியவை.

பதினொன்றாம் படி: இயக்கித் தொடங்குதல்

அழுத்தச் சோதனை, உலர்த்தல், நைட்ரஜனால் காற்றை வெளியேற்றல் ஆகியவை வழக்கமானவை. கவனம் தேவைப்படும் கட்டம் வினையூக்கியைக் கந்தகமேற்றுவது. ஆக்சைடு வடிவில் வரும் வினையூக்கி, சல்ஃபைடான பிறகே வேலை செய்யும். டைமெத்தில் டைசல்ஃபைடு கலந்த எண்ணெயைச் செலுத்தி, ஹைட்ரஜன் சல்ஃபைடு ரியாக்டரின் மறுமுனையில் தெரியும் வரை சுமார் 230 பாகையில் காத்திருந்து, பிறகே வெப்பத்தை உயர்த்த வேண்டும். அவசரப்பட்டு முன்பே சூடேற்றினால் ஆக்சைடு உலோகமாகக் குறைந்து வினையூக்கி நிரந்தரமாகக் கெடும். புது வினையூக்கிக்கு முதல் சில நாட்கள் நேரடி வடிப்பு டீசல் மட்டுமே தர வேண்டும். பிளப்பு எண்ணெய்களை உடனே கொடுத்தால் அதன் மேல் கரி படியும். குளிர்ந்த நிலையில் குரோமிய-மாலிப்டினம் எஃகு நொறுங்கும் தன்மை உடையது என்பதால், குறிப்பிட்ட வெப்பத்தை எட்டும் முன் முழு அழுத்தத்தை ஏற்றக் கூடாது.

பன்னிரண்டாம் படி: தொட்டியும் குழாயும்

ரியாக்டரிலிருந்து 8 பிபிஎம் டீசல் வருகிறது. தொட்டியில் பத்தில் ஒரு பங்கு பழைய 50 பிபிஎம் டீசல் அடியில் கிடக்கிறது. நிரப்பியபின் அளந்தால் 12.2 பிபிஎம். ஆகவே பழைய டீசலை முடிந்தவரை வடித்து, இரண்டு மூன்று முறை நிரப்பிக் காலி செய்து, ஒவ்வொரு முறையும் அளந்தே தொட்டியைப் புதிய தரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரே குழாய்வழியில் மண்ணெண்ணெயும் டீசலும் மாறி மாறிச் செல்லும்போது கலக்கும் இடைப்பகுதியை எங்கே இறக்குவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். முழு நாட்டின் கிடங்குகளிலும் இந்த வேலை பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும்.

கந்தகத்தோடு டீசலின் இயல்பான வழுக்கும் தன்மையும் மின்கடத்து திறனும் குறைகின்றன. எனவே உராய்வைக் குறைக்கும் சேர்க்கைப் பொருளும், லாரிகளில் நிரப்பும்போது நிலைமின்சாரம் தேங்காதிருக்க மற்றொரு சேர்க்கைப் பொருளும் கலக்கப்படும்.

இயக்கம் நிலைபெற்ற பின் அலகை இயக்குபவர் நாள்தோறும் இரண்டு எண்களைத் தொடர்ந்து வரைந்துவர வேண்டும்: வினையூக்கியின் சராசரி வெப்பம், விளைபொருளின் கந்தகம். வினையூக்கி முதுமையடைகையில் வெப்பம் சீராக, மெல்ல உயரும்; அது எதிர்பார்த்ததே. வெப்பத்தை உயர்த்தியும் கந்தகம் இறங்காமல் திடீரென ஏறினால், வினையூக்கியைக் குறை சொல்லும் முன் ஊட்டமும் விளைபொருளும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் வெப்பமாற்றியைச் சந்தேகிக்க வேண்டும். 10,000 பிபிஎம் கந்தகமுள்ள ஊட்டத்தில் வெறும் 0.05 விழுக்காடு குழாய்க் கசிவின் வழியே விளைபொருளில் கலந்தால், அதுவே 5 பிபிஎம் சேர்த்துவிடும். ரியாக்டரின் வெளியேற்றத்திலும் வெப்பமாற்றிக்கு அப்பாலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுத்து ஒப்பிட்டால், கசிவு உண்டா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும். அந்த மாதிரிக் குழாய்களுக்கான இடத்தை வடிவமைப்பின்போதே ஒதுக்கியிருக்க வேண்டும்.